குதிருக்குள் பார்லி இல்லை

அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஆண்டுதோறும் அந்தப் படிவம் வந்துவிடும். பழைய பார்லி உங்கள் பண்ணையில் இன்னும் எத்தனை டன் கிடக்கிறது என்று அரசாங்கம் கேட்கும். பிறகு ஊர்வாரியாகக் கூட்டி, போன வருடத்தைவிட ஏறியதா இறங்கியதா என்று வெளியிடும். யார் பெயரும் போடாது. பெயர் எதற்கு? டன்மோர் முனையில் பார்லி விதைக்கிறவர்கள் மொத்தமே எட்டுப் பேர்.

அந்த எட்டில் ஒருவரான பேசில் நான்கிவெல், பேனாவும் கையுமாகச் சமையலறையில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தார். ஜனவரியில் விலை உச்சியில் நின்றபோது மதுக்கடையில், "மொத்தத்தையும் தள்ளிட்டேன்" என்று மார்தட்டியவர் அவர். உண்மையில், இன்னும் ஏறும் என்று ஒரு மணியைக்கூட விற்கவில்லை. மறு வாரமே விலை தலைகுப்புற விழுந்தது. முந்நூற்றெண்பது டன் பார்லி தகரக் குதிரில் அப்படியே கிடந்தது. மற்ற ஏழு பேரும் "நானுந்தான் வித்துட்டேன்" என்று சொல்லியிருந்தார்கள். ஊர்க் கணக்கில் முந்நூற்றெண்பது என்று வந்தால் அது யாருடையது என்று ஆட்டுக்குட்டிகூடச் சொல்லிவிடும்.

"உள்ளத எழுது," என்றாள் மனைவி லோர்னா. "மதுக்கடைல சொன்ன பொய் போதும்."

"உனக்கென்ன! ஊர் சிரிக்கப் போறது என்னப் பார்த்துல்ல?"

சைபர் என்று எழுதி உறையை ஒட்டினார்.

நவம்பரில் முதல் வெள்ளிக்கிழமை. எட்டுப் பேரும் மதுக்கடையில் இருந்தார்கள். கடைக்காரி நோலீன் போனைப் பார்த்துப் படித்தாள்: "கேளுங்கப்பா, நம்ம ஊரு பார்லி கையிருப்பு வந்திருக்கு. போன வருஷம் இருநூறு டன். இந்த வருஷம்..." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். "மூவாயிரத்து நூறு!"

எட்டுப் பேரும் அவரவர் கிளாஸுக்குள் எதையோ தேடினார்கள். விவசாயிகள் கூடுகிற இடத்தில் பத்து மாதமாக ஒருவர்கூட விலையைத் திட்டவில்லை என்பது அப்போதுதான் பேசிலுக்கு உறைத்தது.

பக்கத்துப் பண்ணை டார்சிதான் முதலில் உடைத்தார். "எத்தன நாளைக்குத்தான்டா மூடி வைக்கிறது? என்கிட்ட ஐநூறு டன் கிடக்கு."

"என்கிட்ட நானூறு."

"போங்கடா, எனக்கு அறுநூறு!"

அணை உடைந்தது. தரகனையும் கப்பல்காரனையும் வானத்தையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார்கள். பத்து மாத வயிற்றெரிச்சல் ஆளுக்கு அரை மணி நேரம் பொங்கியது. என்ன சுகம்! பேசிலுக்கும் நாக்கு அரித்தது.

"உனக்கு எவ்வளவுடா, பேசில்?"

வாயைத் திறந்தார். ஜனவரியில் தட்டிய மார்பு குறுக்கே நின்றது. "நான்தான் அப்பவே வித்துட்டேனே."

"படுபாவி! உனக்கு மட்டும் மூக்குல வேர்த்திருக்கு பாரு!" என்று முதுகில் அறைந்து பீர் வாங்கிக் கொடுத்தார்கள். திட்டுவதற்கு எல்லாத் தகுதியும் உள்ள மனிதர் ஊமையாக உட்கார்ந்து குடித்தார். பாவம்தான்.

மறுநாள் காலை டார்சியின் லாரி வாசலில் வந்து நின்றது, முப்பது டன் பாரத்தோடு.

"மச்சான், திங்கக்கிழமை அறுவடை. என் குதிரெல்லாம் கழுத்து வரைக்கும் நிக்குது. உன்னோடதுதான் காலியாச்சே, பழசைக் கொஞ்சம் கொட்டி வச்சுக்கறேன்."

"உள்ள எலி இருக்குடா."

"தின்னுட்டுப் போகட்டும்."

"அடியில ஓட்ட விழுந்திருக்கு."

"வெல்டிங் மெஷின் வண்டியிலயே இருக்கு."

"பூச்சி மருந்து போட்டிருக்கேன். ஒரு வாரத்துக்குத் தெறக்கக் கூடாது."

டார்சி நின்றார். "காலிக் குதிருக்கு எதுக்குடா மருந்து?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

அடுத்தவன் குதிரின் தகரத்தைத் தட்டிப் பார்ப்பது அந்த ஊரில் அடுத்தவன் வீட்டு அலமாரியைத் திறப்பதற்குச் சமம். நாற்பது வருட நட்பில் டார்சி அதைச் செய்ததில்லை. இன்று ஸ்பானரை எடுத்தார். முழங்கால் உயரத்தில் தட்டினார்: தொப். நெஞ்சு உயரத்தில்: தொப். ஏணியில் ஏறினார். தொப், தொப், தொப். உச்சிக்குப் போய் மூடியைத் தூக்கினார்.

"பேசில்! உன் சைபர் மூடி வரைக்கும் இருக்குடா!"

பேசில் லாரிப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இன்னும் ஏறும்னு நெனச்சேன்டா..."

டார்சி ஏணியைக் கட்டிக்கொண்டு சிரித்தார். இறங்கி வந்தும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "நேத்து நாங்க எல்லாரும் கொட்டித் தீர்த்தோமே. நீ மட்டும் எப்படிடா தாங்கிக்கிட்ட?"

"தாங்கல," என்றார் பேசில். "இப்ப சொல்லவா?"

"சொல்லு."

ஆரம்பித்தார். தரகன் போன் செய்த நிமிஷத்திலிருந்து ஆரம்பித்தார். லோர்னா இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வெயில் உச்சிக்கு ஏறியது. டார்சி மெல்ல எழுந்து லாரியைப் பார்த்தார்.

"மச்சான், என் முப்பது டன்..."

பேசில் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருடா, நான் இன்னும் பிப்ரவரிக்கே வரல."