சீர்த்தட்டில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

டப்பா ரொம்பச் சின்னதாக இருந்தது. கதிர்வேலுக்கு முதலில் உறுத்தியது அதுதான். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற அந்தக் கடையில், முதலாளி ரவிதேஜா அதை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்ததும், கூட வந்திருந்த மனைவி சுலோச்சனா அதைத் தூக்கி எடை பார்ப்பதுபோல ஒருதரம் அசைத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தாள்.

“அரைக்கிலோ மைசூர்பா டப்பாவாட்ட இருக்குதுங்க,” என்றாள். “சீர்த்தட்டுல வெச்சா இருக்கறதே தெரியாது.”

ஆனைமலையில் அவன் தங்கச்சி கோகிலவாணி புது வீடு கட்டி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை புண்ணியார்ச்சனை, புதுவீடு புகுகிற விழா. பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோய் இறக்க வேண்டியவன் அண்ணன். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டின் பேர் கெடாமல் இருப்பது கதிர்வேலின் தலையில்தான் இருந்தது. ஃபிரிட்ஜா, வாஷிங் மெஷினா என்று கேட்கத்தான் போன் செய்தான். “அதெல்லாம் இருக்குதுங்கண்ணா, ஒண்ணும் வேண்டாம்” என்றவள், போனை வைக்கப்போகிற சமயத்தில், “ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கித் தர்றீங்களா?” என்றாள். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து கோகிலவாணி அவனிடம் வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கம்ப்யூட்டர் கேமில் படம் தடங்கலில்லாமல் ஓட உள்ளே மாட்டுகிற சாமான் அது; சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிற மகள் ரித்திகாவுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் போனுக்குக் கார்டின் பேரும் எண்ணும் வந்தன. கீழே ஒரு வரி. இதுதான் வேணும், இதவிடப் பெருசு வேண்டாம்.

இந்த ‘வேண்டாம்’ இருக்கிறதே, இதில்தான் சிக்கல். கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவன் ‘வேண்டாமுங்க’ என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறவன் மரியாதை தெரியாதவன். இலை மேல் இரண்டு கையையும் விரித்துக் குனிந்து மறைத்துக்கொண்டு “போதுமுங்க, போதுமுங்க” என்று கத்துகிறவனுக்கும் விரலிடுக்கு வழியாக ஒரு கரண்டி ஊற்றியாக வேண்டும். ஊற்றாவிட்டால் ஊருக்குப் போய்ச் சொல்லிக்காட்டுவான். கேட்பதைக் குறைத்துக் கேட்பது ஒரு பக்கத்தின் மரியாதை, கூட்டிக் கொடுப்பது மறுபக்கத்தின் மரியாதை. இது கதிர்வேலின் ரத்தத்தில் ஓடுகிற கணக்கு. தங்கச்சி அண்ணனுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று கூச்சப்பட்டு எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான் என்று தீர்மானித்துவிட்டான்.

“நடுத்தரத்துல இதுதானுங்க நல்லா ஓடும்,” என்றான் ரவிதேஜா. “கேட்டவங்க வெவரமாத்தான் கேட்டிருக்காங்க. எந்த கேபினெட், பவர் சப்ளை எத்தன வாட்டுன்னு தெரியுமுங்களா?”

கதிர்வேலுக்குத் தெரியாது. அவன் பார்வை மேல் தட்டில் இருந்த ஒரு பெட்டியில் நின்றிருந்தது. பட்டுச்சேலைப் பெட்டியைவிடப் பெரிது. மேலே இரும்புக் கவசம் போட்ட வீரன் ஒருவன் கண்ணில் நெருப்போடு நின்றான்.

“அது மூணு ஃபேன் வெச்சதுங்க. பெரிய கார்டு. எல்லாக் கம்ப்யூட்டர் டப்பாவுலயும் உக்காராது. எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்.”

“கேட்டாத் தங்கச்சி வேண்டாம்னுதானுங்க சொல்லும்,” என்றான் கதிர்வேல் சிரித்துக்கொண்டே. “அதையே எடுங்க.” சுலோச்சனாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சீர் இறங்கியது. தெருமுனையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மேளத்தோடு நடந்து வந்தார்கள். பழம், தேங்காய், வெல்லம், குத்துவிளக்கு, பட்டு என்று பெண்கள் ஆளுக்கொரு தட்டு ஏந்தி வர, எல்லாவற்றுக்கும் முன்னால் பெரிய வெள்ளித் தாம்பாளத்தில் அந்தப் பெட்டியைச் சுலோச்சனா ஏந்தி வந்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சந்தனம் வைத்து, மல்லிகைச் சரத்தைக் குறுக்கே சுற்றியிருந்தாள். வீரனின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கண்ணில் நெருப்பு எரிந்தாலும் அவன் இப்போது பார்க்கக் கோயில் வாசல் காவல்காரன் மாதிரி சாதுவாக இருந்தான். “ஏனுங்க, இது மிக்ஸிங்களா?” என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, “கம்ப்யூட்டருக்குங்க, இருக்கறதுலயே பெருசு” என்று கதிர்வேல் நான்கு பேர் காதில் விழுகிற மாதிரி பதில் சொன்னான்.

வாசலில் ஆரத்தியோடு நின்ற கோகிலவாணி பெட்டியைப் பார்த்தாள். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததை அவள் கண் ஒரு நொடி தேடிப் படித்ததைக் கதிர்வேல் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தான். அர்த்தம்தான் பிடிபடவில்லை. “ரொம்ப நல்லாருக்குதுங்கண்ணா,” என்றாள். வாங்கிக்கொண்டுபோய் ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியில் வெள்ளிச் சாமான்களுக்கு நடுவில் வைத்தாள். வைத்துவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போய்விட்டாள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தபோது ரித்திகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “என்ன கண்ணு, இனி உன்ற கேம் எல்லாம் சும்மா பறக்குமல்ல?” என்றான் கதிர்வேல்.

“என்ற கேமுங்களா? நான் ஹாஸ்டல்ல லேப்டாப்தானுங்க மாமா வெச்சிருக்கேன். அது அம்மாவுக்கு.”

“எந்த அம்மாவுக்கு?”

“எங்கம்மாவுக்குத்தான். வாங்க, காட்டறேன்.”

மாடிப்படிக்கு அடியில் மிச்ச இடத்தில் ஒரு சின்ன அறை. வாஸ்துக்காரர் எதற்கும் ஆகாது என்று ஒதுக்கினது. ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பழைய வீட்டிலிருந்து முன்னாலேயே கொண்டுவந்து துண்டு போட்டு மூடிய கம்ப்யூட்டர். ரித்திகா ஸ்கூலில் படித்தபோது வாங்கினது. மகள் ஹாஸ்டலுக்குப் போனபின் தூசி தட்டப் போன கோகிலவாணி, ஒருநாள் அதை ஆன் செய்து பார்த்திருக்கிறாள். மகளிடம் போனில் கேட்டுக் கேட்டு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தேங்காய் உரிக்கிற ஆட்களை அனுப்பிவிட்டு, மத்தியான வேளையில், தினமும்.

“என்ன வெளையாட்டு?”

“லாரி ஓட்டறதுங்க மாமா. லோடு ஏத்திட்டு ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு. எனக்கெல்லாம் டிரெய்லர் ரிவர்ஸ் வராது. அம்மா ஒரே தடவையில கொண்டுபோய் உட்டுப்போடும். ஆனா இந்த மெஷின்ல, கேமுக்குள்ள மழை பேஞ்சாப் படம் அப்படியே நின்னுபோகும். வண்டி போய் மோதிக்கும். மழையில ஓட்டோணும்னுதான் அம்மா கார்டு கேட்டுது. ஆறு மாசமா வீடியோ பாத்துப் பாத்து, இந்த டப்பாவுக்கு எது சேரும்னு அதே கண்டுபுடிச்சுது.”

கதிர்வேலுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியே களம் தெரிந்தது. தங்கச்சி புருஷன் சென்னியப்பனின் கார், டிராக்டர், தேங்காய் ஏற்றும் லாரி வரிசையாக நின்றன. பிறந்த வீட்டிலும் இப்படித்தான் வண்டிகளுக்குக் குறைவில்லை. ஓட்டக் கூடாதென்று கோகிலவாணியை யாரும் தடுத்ததில்லை. ஓட்டுகிறாயா என்று யாரும் கேட்டதுமில்லை. அந்தப் பேச்சே எழுந்ததில்லை.

ரித்திகா கம்ப்யூட்டர் டப்பாவின் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினாள். கதிர்வேல் குனிந்து உள்ளே கையை விட்டுச் சாண் வைத்துப் பார்த்தான். கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்து மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறவன் அவன். ஒரு நூல் அளவு கூடினால் பேரிங் உட்காராது என்பதற்காக எத்தனை பேரைத் திட்டித் தீர்த்திருக்கிறான். வரைபடத்தில் இருக்கிற அளவை மதிக்காமல் ‘கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்’ என்று கடைகிற ஆள் அவன் பட்டறையில் ஒரு பொழுது தாண்ட முடியாது. தங்கச்சி அளவெடுத்துத்தான் எழுதியிருந்தாள். அலமாரிப் பெட்டிக்குள் இருக்கிற கார்டு முக்கால்வாசி கூட இதற்குள் போகாது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, மழையில் நின்றுபோகிற வண்டியோடு இத்தனை நாள் அவள் தனியாக மல்லுக்கட்டியிருக்கிறாள் என்பதுதான் அதிகம் உறுத்தியது.

ஹாலுக்கு வந்து மச்சினன் சென்னியப்பனிடம் விஷயத்தைச் சொன்னான். சென்னியப்பன் நல்ல மனுஷன், தோளில் தட்டினார். “அதுக்கென்னங்க மச்சான், பெரிய டப்பாவா ஒண்ணு வாங்கிப் போட்டாப் போச்சு. மேல ஹால்லயே வெச்சுடலாம். வர்றவங்களும் பாப்பாங்க.”

“மாத்திக்கலாமுங்க மாப்பிள்ளை. கடையில சொன்னாக் குடுப்பாங்க.”

“ஐயோ, ஊட்டுக்கு வந்த சீரு வாசப்படி தாண்டித் திரும்பப் போலாமுங்களா? சனம் இன்னும் கலையல. என்ன நெனைப்பாங்க?”

பந்தல் நாற்காலிகளில் பங்காளிகள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். அண்ணன் சீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறான் என்றால் இரண்டே காரணம். ஒன்று சண்டை, இல்லாவிட்டால் கைமுட்டு, காசில்லாத குறை. பேச்சு பொழுது சாய்வதற்குள் பொள்ளாச்சி வரைக்கும் போய்விடும். கதிர்வேல் தங்கச்சியைத் தேடினான். அவள் சமையற்கட்டு வாசலில் மோர்ப் பாத்திரத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ சொல்லு அம்மணி.”

“இருக்கட்டுமுங்கண்ணா. ஆசையா வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

“என்ற ஆசைய உடு. உனக்கு வேணுமா, வேண்டாமா?”

அவள் புருஷனைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “வேண்டாமுங்கண்ணா,” என்றாள். குரல் சன்னமாகத்தான் வந்தது. “எனக்கு நான் சொன்னதுதான் வேணும்.”

கதிர்வேல் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். மல்லிகைச் சரம் அறுந்து வழியெல்லாம் உதிர்ந்தது. பந்தலுக்குள் புகுந்து நடந்தபோது பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. சுலோச்சனா எழுந்து, “ஏனுங்க, என்ன பண்ணிப்போட்டீங்க” என்று பதறினாள். யாரையும் பார்க்காமல் நடந்தான். காரில் ஏறி உட்கார்ந்தபோது பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி கோகிலவாணி ஓடி வந்தாள்.

“செத்த இருங்கண்ணா, நானும் வாரேன்.”

கிணத்துக்கடவு தாண்டியதும் அவள், “முன்னால போற டேங்கர் இண்டிகேட்டர் போடாம ஒடிப்பானுங்க, பாத்து” என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் டேங்கர் ஒடித்தது.

ரவிதேஜா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சீரியல் நம்பர் இருந்த இடத்தில் சந்தனம் அப்பியிருந்தது. மஞ்சள் அட்டையில் ஊறிப்போயிருந்தது. “கம்பெனிக்காரன் இத வாங்கவே மாட்டானுங்க,” என்று தலையைச் சொறிந்தான். பிறகு வீரனின் குங்குமப் பொட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டான். “சரி உடுங்க. நம்ம கடை மெஷினுக்கே போட்டுக்கறேன். பூஜை போட்ட கார்டு, நல்லா ஓடட்டும்.”

சின்ன டப்பாவை எடுத்து வைத்தான். கோகிலவாணி அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. “ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமுங்களா? மழையில,” என்றாள். ரவிதேஜா அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, அதே கார்டு போட்ட ஒரு மெஷின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் காய்ந்த சந்தனம். கடைக்கு வந்திருந்த காலேஜ் பையன்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் கண் திரையில் பதிந்ததும் முகத்திலிருந்து என்னவோ ஒன்று கழன்று விழுந்தது. இத்தனை வருஷமும் தான் பார்த்துக்கொண்டிருந்தது விருந்தாளிகளுக்குக் காட்டுகிற முகம்தான் என்று கதிர்வேலுக்கு அப்போது தோன்றியது.

திரையில் மழை கொட்டியது. படம் நிற்கவில்லை. வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. கதிர்வேலின் சட்டைப்பையில் போன் அலறியது. பெரிய பங்காளி வீட்டு நம்பர். நின்று, மறுபடி அலறியது. எடுத்துச் சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டான்.

“போலாமுங்களாண்ணா? நேரமாச்சுங்களா?” என்றாள் திரும்பாமலே.

“நீ ஓட்டு அம்மணி.”

தேசம் தெரியாத ஏதோ ஒரு காட்டு ரோடு. ஒரு ஈ காக்கை இல்லை. வளைவில் தூரத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. எதிரே வருகிற வண்டிக்காரனுக்குக் கண் கூசுமே என்று, கோகிலவாணி தன் லாரியின் விளக்கைத் தாழ்த்தினாள்.