இருபத்தைந்து வரைக்கும்

வைஜயந்திக்கு வயது இருபது, உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், படிப்பு விலங்கியலில் பி.எஸ்ஸி. பெண் பார்க்க வந்தவர்கள் வயதை ஜாதகத்தில் பார்த்தார்கள், படிப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். உயரம், அவள் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்ததும் தானாகவே தெரிந்துவிட்டது. நான்கு பேர் காப்பியைக் குடித்துவிட்டு, “லெட்டர் போடறோம்” என்று சொல்லிப் போனார்கள்.

ஐந்தாவதாக வந்தவன் தேவராஜன். அதே திருவள்ளூர்தான். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. வயது இருபத்து மூன்று, உயரம் ஐந்தடி நான்கு. அவன் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“தவளையை அறுக்கறச்சே கை நடுங்குமா?”

“முதல் தவளைக்கு மட்டும்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். இவர்தான் என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

அவனுடைய அம்மா செங்கமலவல்லி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கிற்று. பிறகு தானே தேறிக்கொண்டாள்.

“ஆம்பிளைப் பிள்ளை இருபத்தஞ்சு வரைக்கும் வளருவான். எங்க பெரியண்ணா மிலிட்டரிக்குப் போனப்புறம்தான் வளர்ந்தான். ஏம்மா, நீ சயின்ஸ் படிச்சவளாச்சே, உண்டா இல்லையா?”

எலும்பின் நுனியில் உள்ள குருத்தெலும்பு இறுகிவிட்டால் உயரம் அதோடு சரி. பையன்களுக்கு அநேகமாகப் பதினெட்டு, பத்தொன்பதில் இறுகிவிடும். பெண்களுக்கு அதற்கும் முன்னால். இதை அவள் பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறாள். ஆனால் மாமியாராக வரப்போகிறவளிடம் முதல் வார்த்தையே ‘இல்லை’ என்றா சொல்வது? தலையை ஆட்டிவைத்தாள்.

“பார்த்தேளா, மாட்டுப்பொண்ணே சொல்லிட்டா!” என்றாள் செங்கமலவல்லி. “அப்போ அவன் வளர்ந்தப்புறமே முகூர்த்தம் வெச்சுக்கலாம்.”

அது ஆவணி மாதம். அன்று சாயங்காலமே தேவராஜனைச் சமையலறைக் கதவோடு நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டார்கள். அடுத்த கோடு புரட்டாசிச் சனிக்கிழமை விடியற்காலையில், படுக்கையிலிருந்து எழுப்பிய கையோடு. அரை அங்குலம் ஏறியிருந்தது! பெண் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பின் வட்டுகள் உப்பும், பகலில் அமுங்கும், யாரை அளந்தாலும் காலையில் கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்று வைஜயந்திக்குத் தெரியும். பொங்கலைச் சாப்பிட்டாள்.

தேவராஜன் வேலைக்குப் போகும் அதே ரயிலில் போய்வரும் அவள் அண்ணா ராமஸ்வாமி தினம் ஒரு சமாசாரம் கொண்டுவந்தான்.

“மாப்பிள்ளை சாமான் பலகைக் கம்பியைப் பிடிச்சுண்டு தொங்கறார்டி. கூட வேலை பார்க்கற ராஜமாணிக்கம் விடுவானா? ‘இன்னா சாமி, வவ்வாலு மேரி தொங்கிக்கினே வர்றே? வவ்வாலு இன்னா வளந்தா பூடுச்சு?’ங்கறான். பெட்டியே சிரிக்கறது.”

ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. கோடு நகரவில்லை. மார்கழியில் அப்பா, காஞ்சிபுரத்திலிருந்து வந்த இன்னொரு ஜாதகத்தைப் பிரித்தார்.

“இந்தப் பையன் ஆறடியாம். தை முடியறதுக்குள்ள அவா தேதி சொல்லலைன்னா இதைப் பேசி முடிச்சுடப்போறேன்.”

வைஜயந்திக்கு அன்று சாதம் இறங்கவில்லை.

தை அமாவாசைக்குக் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதாகச் செங்கமலவல்லி வேண்டிக்கொண்டிருந்தாள். வைஜயந்தியையும் அழைத்துப் போனாள். தேவராஜன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைத்தான். முழுசாக ஒரு கிலோ. படியில் வெல்லம் விற்ற கன்னியம்மா பேச்சுக் கொடுத்தாள்.

“இன்னாம்மா வேண்டுதல்? மருவா, கட்டியா?”

“பிள்ளை வளரணும்னு.”

“அய்யய்ய! இங்க எல்லாம் கரையறதுக்குத்தாம்மா வர்றாங்க. வெல்லம் கரையற மேரி மரு கரையும், கட்டி கரையும். வளர்றதுக்கு யாரு கரைச்சாங்க? இருக்கற ஒசரமும் பூடப்போவுது!”

செங்கமலவல்லி குளத்துப் பக்கம் திரும்பினாள். “டேய், மேலே வாடா!” என்று கத்தினாள். பிறகு வைஜயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “குறைஞ்சுடுவானோடி?”

“குறைய மாட்டார், மாமி. வளரவும் மாட்டார். அன்னிக்கு நான் தலையாட்டினது தப்பு. அந்த வயசெல்லாம் தாண்டியாச்சு.”

ஐந்து மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. செங்கமலவல்லி அதைக் காதிலேயே வாங்கவில்லை.

“போடி அசடு. கதவுல கோடு இருக்கு, அரை அங்குலம். நானே போட்டது. குறையாதுன்னியே, அது போதும். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம்.”

ஒரு வருஷம். தை முடிய இன்னும் நாலே நாள்தான் பாக்கி. வைஜயந்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“இருபத்தஞ்சு வரைக்கும்னா அவருக்கு இன்னும் ரெண்டு வருஷம், மாமி.”

“ஆமாம், அதான் சொல்றேன்.”

“எனக்கு அஞ்சு.”

செங்கமலவல்லி அவளை உள்ளங்காலிலிருந்து உச்சி வகிடு வரை ஒரு தடவை பார்த்தாள். விரல்கள் தாமாக மடங்கி மடங்கி நிமிர்ந்தன. அதற்குள் தேவராஜன் ஈர வேஷ்டியைப் பிழிந்தபடி படியேறி வந்து, “என்னம்மா?” என்றான்.

“வாத்தியார் ஆத்துக்கு ஓடு. மாசியில முதல் முகூர்த்தம் எதுன்னு கேட்டுண்டு வா.”

“அதுக்குள்ள நான் எங்கேம்மா வளர்றது?”

“நீ கிடக்கே. இவ வளர்றதுக்குள்ள முடிச்சாகணும்!”