செங்கமலத்தின் பெட்டியில் நெத்திலி

தமிழரசி டீச்சர் பிறந்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில். அப்படிப்பட்டவள், மதுராந்தகத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு நாள்கூட மீன் தொட்டதில்லை என்றால் நம்புவீர்களா?

காரணம் செங்கமலம். கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண், கணக்கு டீச்சர். தமிழரசி வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ வறுத்த மீன் டப்பாவைத் திறந்தார்கள். செங்கமலம் ஒரு வார்த்தை பேசாமல் தன் டப்பாவோடு வராந்தாவுக்குப் போய்விட்டாள். தமிழரசியின் பைக்குள்ளும் மீன்தான். திறக்கவே இல்லை, அன்றைக்குப் பட்டினி. மறுநாளிலிருந்து அவரைக்காய், கத்திரிக்காய்.

அதற்குப் பதிலாகச் செங்கமலத்தின் புளியோதரையில் சரிபாதி கிடைத்தது. இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. ஏரி நிரம்பின வருஷங்களில், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளுக்கு முன்னால் இவர்கள் தண்ணீர் வழிந்து விழும் கலங்கலைப் பார்க்க ஓடுவார்கள். புடவை நனைந்து, வீட்டில் வசவு வாங்கி, அடுத்த நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் தமிழரசிக்கு இன்றைக்கும் புளியோதரை மணக்கும்.

இருவரும் ஓய்வு பெற்றபின் தமிழரசியின் தம்பி கிஷோர் போன் பண்ணினான். கிரேக்க நாட்டில் சுற்றுலாக்காரர்களுக்குப் பாய்ப்படகு ஓட்டுகிறான்.

"அக்கா, செங்கமலம் டீச்சரையும் கூட்டிக்கினு வா. ஒரு வாரம் படகுலயே சுத்தலாம். எனக்கு வேற எதுவும் வாணாம். நம்மூரு நெத்திலிக் கருவாடு மட்டும் எடுத்துக்கினு வா. அப்பா கடலுக்குத் தூக்குச்சட்டில கொண்டுபோவாரே, அது."

சென்னை விமான நிலையத்தில் தமிழரசியின் பெட்டி கனம் கூடிப்போயிற்று. செங்கமலம் கை கழுவப் போயிருந்தாள். அந்த அவசரத்தில், பிளாஸ்டிக் கவர்மேல் கவர் போட்டுக் கட்டிய பொட்டலத்தைத் தூக்கி, தோழியின் பருப்புப் பொடிக்கும் நெய் டின்னுக்கும் நடுவே சொருகிவிட்டாள். படகில் தெரியாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. விமானத்தில் பொட்டுத் தூக்கமில்லை. இத்தனை வருஷம் எதைத் தொடாமல் நாக்கைக் கட்டினோமோ, அதைக் கடைசியில் அவள் பெட்டியிலேயே வைத்துவிட்டோமே. தெரிந்தால் மறுபடி ஒரு பெஞ்சில் உட்காருவாளா?

ஏதென்ஸில் சுங்கக்காரர் அத்தனை பெட்டியையும் விட்டுவிட்டுச் செங்கமலத்தின் பெட்டியைத்தான் திறந்தார். பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, "இது யாருடையது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.



"என்னுடையது. உலர்ந்த மீன்" என்றாள் செங்கமலம்.

அவர் பிரித்து முகர்ந்தார். தலையை ஆட்டிவிட்டு உள்ளேயே வைத்தார். நெய் டின்னை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார். பால், நெய் எதுவும் நாட்டுக்குள் வரக்கூடாதாம்.

வெளியே வந்ததும் செங்கமலம் நின்றாள். "நான் சொந்தமா காய்ச்சின நெய்யை எடுத்துண்டு, உன் கருவாட்டை விட்டுட்டான் பாருடி."

"எப்படி உனக்குத் தெரியும்?"

"மெட்ராஸ்லயே தெரியும். சால்வை எடுக்கத் திறந்தேன், குப்புன்னு வந்தது. எனக்கென்ன மூக்கு இல்லையா?"

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். ஏண்டி, மீன் கொண்டு வராதேன்னு நான் என்னிக்காவது கேட்டேனா?"

"கேக்கல. எழுந்து வராந்தாவுக்குப் போன."

செங்கமலம் பெட்டியை இழுத்துக்கொண்டு டாக்ஸிக்கு நடந்தாள். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். 

மறுநாள் மத்தியானம் ஒரு தீவின் ஓரமாக நங்கூரம் போட்டான் கிஷோர். வாணலியில் நெத்திலி வறுபட்டது. முதல் துண்டை அப்பா செய்கிற மாதிரியே கடலுக்குப் போட்டான். அந்த வாசனையில் தமிழரசிக்குக் குப்பத்து மணலும், ஈரக் கைலியோடு கரையேறும் அப்பாவும் கண்ணுக்குள் வந்தார்கள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது செங்கமலத்தை. புகை நேராக அவள் பக்கம்தான் போனது.

"டீச்சர், காத்து உங்க பக்கம் கீது. முன்னால போய் குந்துங்க" என்றான் கிஷோர்.

செங்கமலம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். பருப்புப் பொடிச் சாதத்தில் நெய்க்குப் பதில் அந்த ஊர் ஆலிவ் எண்ணெயை ஊற்றிப் பிசைந்தாள்.

"சகிக்கலை" என்றாள். எதைச் சொன்னாளோ.

பிறகு, பிசைந்ததில் சரிபாதியைத் தமிழரசியின் தட்டில், நெத்திலிக்குப் பக்கத்தில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை.