ஞாயிற்றுக்கிழமைப் பெயர்

காக்களூர் பிரவுசிங் சென்டரில் தேன்மொழி சபையின் ஆர்குட் பக்கத்தைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டியில் நனைந்து நிற்கும் அவளுடைய ஞானஸ்நானப் படம் இருந்தது. அடியில், 'தேன்மொழி இனி எஸ்தர்' என்று போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. சாதிச் சான்றிதழில் அவள் இந்து ஆதிதிராவிடர். மதம் மாறியது தெரிந்தால் ஒதுக்கீடும் போகும், வேலையும் போகும். சபையில் பாதிப்பேருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், ஆபீசுக்கு ஒரு பெயர்.

பக்கத்தில் இருநூறு உறுப்பினர்கள். பாதிப்பேர் முகத்துக்குப் பதில் பூவும் குழந்தையும் வைத்திருந்தார்கள். எல்லோருமே மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களாகத் தெரிந்தார்கள்.

பக்கத்தை நடத்தும் டேனியலுக்குப் போன் போட்டுப் படத்தை எடுக்கச் சொன்னாள்.

"இன்னா சிஸ்டர், சாட்சியாச்சே! எத்தினி பேரு பாத்துக்கினு கீறாங்க தெரியுமா?"

"அதான் பயமே. உங்க சர்டிபிகேட்ல நீங்க யாருண்ணா?"

"முருகேசன்தான்." குரல் இறங்கியது. "ஷிப்ட்ல கீறேன். ஆர்குட்ல என் பக்கத்துல ஒரு ஸ்கிராப் எழுதி ஞாபகப்படுத்துங்க, சாயங்காலம் எடுத்துடறேன்."

அவள் எழுதினாள்: 'திங்கட்கிழமை சாதிச் சான்றிதழ் பார்ப்பார்கள். ஞானஸ்நானப் படத்தை எடுத்துவிடுங்கள். யாருக்கும் தெரிய வேண்டாம்.' ஸ்கிராப்பை அவன் மட்டும்தான் படிப்பான் என்று நினைத்தாள்.

மாலையில் படம் இல்லை. அவள் எழுதியது மட்டும் எல்லோரும் படிக்கும்படி டேனியலின் சொந்தப் பக்கத்தில் கிடந்தது. அதற்கு மேலே பதினோரு பேர் எழுதியிருந்தார்கள்.

'எந்த ஆபீஸ் சிஸ்டர்? பேர் சொல்லி ஜெபிக்கிறோம்.'

ஏழு பேரை அவளுக்குத் தெரியும். மற்ற நாலு பேர் யாரென்று டேனியலுக்கும் தெரியவில்லை.