கீழே என்று அமுக்கினால் மேலே போன கட்டில்

தையல்காரர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை அழகாகச் செய்துவிட்டார், அதுதான் வினை.

அவரும் மனைவியும் குடியிருந்தது ஒரு வீட்டுவண்டியில். அடுப்பு, கட்டில், தையல் மெஷின் எல்லாம் சக்கரத்தின் மேலேதான். அன்று விடிந்ததும் என்ஜினுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு புது பேட்டரி மாற்ற உட்கார்ந்தார். கழற்றிய வயர்கள் சிவப்பும் கறுப்புமாகத் தொங்கியது அவர் கண்ணை உறுத்தியது. ஜன்னல் திரைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மஞ்சள் பூத் துணியில் ஒவ்வொரு வயருக்கும் உறை தைத்து, முனைவரை இழுத்து மூடினார். அப்புறம் எது சிவப்பு, எது கறுப்பு? நீங்களே சொல்லுங்கள், செல்லங்களா. அவருக்கும் தெரியவில்லை. பார்வைக்குப் பாந்தமாகப் பட்ட பக்கம் மாட்டினார்.

சாவியைத் திருப்பினார். வண்டி மூச்சுக்கூட விடவில்லை.

அன்றைக்குப் பார்த்தா இப்படி ஆக வேண்டும்? முந்தின நாள்தான் மாமியார் வந்திருந்தார். மகன் வீட்டில் ஜன்னல் கதவைத் திறக்கக்கூட அவனைக் கேட்க வேண்டும். இனி மகளோடு ஊர் ஊராகப் போகலாம் என்று பையோடு கிளம்பி வந்துவிட்டார். அந்த மகன், அதாவது தையல்காரரின் மச்சான், போனில் கறாராகச் சொல்லியிருந்தார்: "காலைல வந்து பார்ப்பேன். அந்த டப்பா ஓடுச்சுன்னா அம்மா அங்கயே இருக்கட்டும். ஓடலைன்னா என்கூட வந்துடணும்."

மாமியார் படுத்திருந்தது சோபாவுக்கு மேலே மோட்டாரில் ஏறி இறங்கும் கட்டில். பாதி உயரத்தில் நின்றது. எழுந்தவர் 'கீழே' பொத்தானை அமுக்கினார். கட்டில் மேலே போனது.

"மாப்பிள்ளை, நான் இறங்கப் பார்க்கறேன். இது ஏறுது."

"'மேலே'ங்கறதை அமுக்கிப் பாரும்மா," என்றாள் மகள். கட்டில் இறங்கியது.

"ஓஹோ," என்றார் மாமியார்.

மகள் அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் கூரைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. "என்னங்க, எல்லாம் தலைகீழா ஓடுது. வயரை மாத்தி மாட்டிட்டீங்க. உறையைப் பிரிங்க."

"இரட்டைத் தையல்டி."

"பிரிங்க."

அவர் கத்தரியோடு வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்தபோது மச்சான் வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தால் வெளியே வரவேண்டிய படி உள்ளே போனது. தாவித்தான் ஏறினார்.

"கிளம்பும்மா."

"இதோ இறங்கறேன்பா," என்று மாமியார் 'கீழே' பொத்தானை அமுக்கினார். மூக்கு கூரையை நெருங்கும் வரை போனார். "இறங்கத்தான் அமுக்கறேன். நீயே பாரேன்." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மச்சான் கட்டிலுக்கடியில் பையும் கையுமாக நின்று உபதேசம் செய்தார். வெளியே தையல்காரர் கடைசி உறையைப் பிரித்து, வயரை மாற்றி மாட்டினார். கருகிப்போயிருந்த பெரிய ஃபியூஸை எடுத்துவிட்டு மகள் வேறொன்று சொருகினாள்.

உபதேசம் எடுபடாமல் மச்சான் கையை உயர்த்தி அம்மாவைப் பிடித்து இறக்கப் பார்த்தார். அம்மா இன்னும் கொஞ்சம் மேலே ஒதுங்கலாமென்று மறுபடி 'கீழே'யை அமுக்கினார்.

இந்தத் தடவை கட்டில் சொன்ன பேச்சைக் கேட்டது. மச்சான் குனிந்தார், உட்கார்ந்தார், கடைசியில் சோபாவில் நீட்டிப் படுத்தார். மூக்குக்கு மேலே கட்டில் நின்றது.

"மேல ஏத்தும்மா."

"எந்தப் பொத்தான்னு குழம்பிப்போச்சுப்பா."

என்ஜின் உறுமியது. மகள் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். பக்கத்தில் தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். இந்த முறை சிவப்புக்குச் சிவப்புத் துணி, கறுப்புக்குக் கறுப்பு. மச்சானின் கார் மட்டும் தெருவோரம் பின்தங்கிச் சிறுத்துக்கொண்டே வந்தது.

"ஏன்டா," என்றார் மாமியார், மெத்தையைத் தட்டி, "டப்பா ஓடுதா?"



"ஓடுதும்மா," என்றது கட்டிலுக்கடியிலிருந்து ஒரு குரல்.