வெள்ளைச் சட்டைகளும் துண்டுகளும்

விடுதியில் நீலத் துண்டுகள் மட்டும் ஏன் நாறின என்பது சலவைக்கூடத்து மேற்பார்வையாளனுக்குப் பிடிபடவே இல்லை. 'வொயிட் ஷர்ட்ஸ் அண்ட் டவல்ஸ், ஹாட் வாஷ்' என்று இயந்திரத்தின் மேல் அவனே ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தான். போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சலவைக்கார அக்கா வெள்ளைத் துண்டுகளை மட்டும் வெந்நீரில் போட்டு, நீலத்தைக் குளிர்நீரில் அலசியிருந்தார். எல்லோர் முன்னாலும் அவன் வாய்க்கு வந்தபடி ஏச, அவர் வேலையை விட்டே போய்விட்டார்.

ஒரு வாரம் மனசு உறுத்தியபின் போன் செய்தான்.

"நீலத்தை மட்டும் ஏன் விட்டீங்கக்கா?"

"நீங்க எழுதினபடிதான் தம்பி. வெள்ளைங்கிறது துண்டுக்கும் சேர்த்துன்னு நினைச்சேன். அன்னிக்கே சொல்லியிருப்பேன், நீங்கதான் வாயைத் திறக்க விடலையே."

"தப்பு என்னோடதுதான். திரும்பி வந்துடுங்கக்கா."

"வேற இடத்துல சேர்ந்தாச்சு. இனிமே வர்றவங்ககிட்டயாவது ஏசறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க."

அவன் பழைய தாளைக் கிழித்தான். முன்னால் நிற்கும் நிறம் 'அண்ட்' தாண்டி அடுத்த பெயரையும் தொட்டுவிடுகிறது. நிறமில்லாத பெயரை முதலில் வைத்தால் தொடாது. புதிதாக எழுதி ஒட்டினான்: 'டவல்ஸ் அண்ட் வொயிட் ஷர்ட்ஸ், ஹாட் வாஷ்.' இப்போது 'வெள்ளை' என்பது சட்டைக்கு மட்டும்தான். துண்டு எந்த நிறமானாலும் வெந்நீர்.