மூன்று நாளைக்குக் கட்டுச்சோறு

"ஒரு நாளைக்கு முக்கா லிட்டர்னா, மூணு நாளைக்கு ரெண்டேகால் லிட்டரும்மா" என்றாள் பெனிஷா. போன் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீலக் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு நின்றபடியே கணக்குச் சொன்னாள். அற்புதமேரி தரையில் விரித்த செய்தித்தாளில் அவலைக் கொட்டி உமி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரெண்டேகால் லிட்டரில் மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் சேர்த்தி, அவலை நனைக்கிற தண்ணீரும் சேர்த்தி. வழியில் ஒரு வாய் டீ குடித்தால் அதுவும் அதில்தான். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும், ஆகஸ்ட் வெயிலில் நாற்பது கிலோமீட்டர் நடக்கப்போகிற மனிதனுக்கு இவ்வளவுதான்.

இரண்டு வருடமாக அவள் புருஷன் ஜெபதாஸுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ஸ்பிரிங் செய்கிற கம்பெனியில் பதினோரு வருடம் ஒப்பந்தக் கூலியாக உலைக்குப் பக்கத்தில் நின்றவர். முதுகுவலி வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓ.டி. பார்த்தார். ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு நாலானது. அந்த மாத்திரைகள்தான் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டன என்று டாக்டர் சொன்னபோது, "வலிக்குத்தான சார் போட்டேன்" என்றார் ஜெபதாஸ், ஏதோ அநியாயத் தீர்ப்பைக் கேட்டவர்போல. அன்றிலிருந்து திங்களும் வியாழனும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலையில் பஸ் ஏறிப் போய், நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்துவிட்டு, துவைத்துப் பிழிந்த துணியைப்போல வீடு திரும்புவார்.

போன வாரம் அவர் சொல்லிவிட்டார். "இத்தோட போதும் மேரி. இனிமே நான் வரல."

"இன்னா பேசற நீ? வயசுப் பொண்ணு ஒருத்தி கீறா. நெனப்பு கீதா?"

"ஒம்போது வருசம் வேளாங்கண்ணிக்கு நடந்தவன் நானு. இப்போ பஸ் ஏறிப் போயி மிசின்ல படுக்கறதுக்குத்தான் இந்தக் காலு கீதா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். தட்டில் சோற்றை ஒதுக்குவதுபோலச் சொன்னார். அன்று முழுக்க அற்புதமேரி வேலை பார்க்கிற கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தாள். ஒவ்வொரு வருடமும் காவி கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கு நடப்பவர்கள் ஒரகடம், சிங்கபெருமாள்கோயில் வழியாகத்தான் செங்கல்பட்டுக்குப் போவார்கள். ஆஸ்பத்திரி அந்த வழியில்தான் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், கைகூடத் துடைக்காமல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சரிய்யா, நடந்தே போலாம். வெள்ளிக்கெழம காலைல கெளம்பினா ஞாயித்துக்கெழம சாயங்காலம் செங்கல்பட்டு. திங்கக்கெழம நீ மிசின்ல படுத்துடணும். அதுக்கப்புறம் வேளாங்கண்ணிக்கு பஸ்ல இட்டுக்கினு போறேன்."

ஜெபதாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நடக்கவுட்டு இட்டுக்கினு போயி கட்டில்ல கட்டிப்போடப் பாக்கற" என்றார். வாயின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது. அது போதுமாயிருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை டயாலிசிஸுக்குப் போனபோது டாக்டர் நடக்கவே கூடாது என்றார். நர்ஸ் லீலா அவர் போகும்வரை காத்திருந்து, சாப்பிடக் கூடாதவற்றைப் பழைய லேப் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். உப்பு, ஊறுகாய், தக்காளி, வாழைப்பழம், பருப்பு, தேங்காய், இளநீர், கீரை. இளநீரின் கீழே இரண்டு கோடு. "தண்ணி கூடிச்சின்னா மூச்சு வாங்கும், கண்ணுக்குத் தெரியும். எளநில இருக்கற பொட்டாசியம் தெரியாதுக்கா. நேரா நெஞ்சுக்குப் போயி நிறுத்திடும்."

விலக்கியவை போக மிஞ்சியதிலிருந்து அற்புதமேரி மூன்று நாளைச் செய்தாள். முதல் நாளுக்கு உப்பில்லாத இட்லி, தொட்டுக்கொள்ள சர்க்கரை. இரண்டாம் நாளுக்கு அவல், டீக்கடையில் அரை டம்ளர் வெந்நீர் வாங்கி நனைத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாளுக்கு வறுத்த ரவை. நடுவில் கொறிக்கப் பொரி. வழியில் அவித்த முட்டை வாங்கினால் வெள்ளை அவருக்கு, மஞ்சள் அவளுக்கு. நாக்கு வறளும்போது அடக்கிக்கொள்ள ஏலக்காய். கொப்பளித்துத் துப்புவதற்கு மட்டும் தனியாக ஒரு பாட்டில். அந்தப் பாட்டிலை அவரிடம் கொடுக்கக் கூடாது, தானே வைத்திருந்து ஊற்ற வேண்டும் என்றும் முடிவு செய்துகொண்டாள். பெனிஷாவின் பழைய காலேஜ் பையில் எல்லாவற்றையும் அடுக்கித் தோளில் மாட்டிப் பார்த்தபோது, ஏதோ ஒரு பரீட்சைக்குப் படித்து முடித்த மாதிரி இருந்தது.

முதல் நாள் நன்றாகவே போனது. கார் ஏற்றிய நீள லாரிகள் புழுதியை வாரி மேலே இறைத்துக்கொண்டு போயின. ஜெபதாஸ் காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்கு நாலடி முன்னால் நடந்தார். தான் வேலை பார்த்த கம்பெனியின் கேட்டைக் கடந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தி, "பசிக்குது மேரி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து ஆறு இட்லி தின்றார். இரவு ஒரகடம் தாண்டி ஒரு சர்ச்சின் கொட்டகையில் படுத்தார்கள். அன்றைக்கான முக்கால் லிட்டரில் ஒரு டம்ளர் மிச்சமிருந்தது.

சனிக்கிழமை வெயில் வேறு மாதிரி இருந்தது. பத்து மணிக்கே தார் இளகியது. நடப்பவர்களுக்காக வழியெல்லாம் பந்தல் போட்டிருந்தார்கள். மோர், தக்காளி சாதம், பானகம், வாழைப்பழம். ஒவ்வொரு பந்தலிலும் யாராவது கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தார்கள். "வேணாம்பா, அவருக்கு ஆவாது" என்று அற்புதமேரி சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் மூன்று நாள் சாப்பாட்டைப் பற்றி யோசித்தபோது, ஊரே கூடிச் சாப்பாடு கொடுக்கும் என்பதை யோசிக்காமல் விட்டிருந்தாள். ஜெபதாஸ் பந்தல்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தே நடந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு அவள் பின்னாலிருந்த கழிப்பறைக்குப் போனாள். பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. திரும்பி வந்தபோது அவர் அங்கே இல்லை. பக்கத்தில், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் சிலர் சேர்ந்து போட்டிருந்த பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் மார்பு நனைந்திருந்தது. பக்கத்தில் இளநீர்க் கூடுகள் குவிந்து கிடந்தன.

"எத்தினி குச்ச?"

"ஒண்ணுதான் மேரி. சத்தியமா ஒண்ணு."

ஆட்டோ பிடிக்கலாமா என்று நினைத்தாள். ஆட்டோ என்றால் இந்த நடை இங்கேயே முடிந்துவிடும். அப்புறம் திங்கள்கிழமை அவர் மெஷினில் படுப்பாரா? ஒன்றுதானே. சாயங்காலத் தண்ணீரையும் ராத்திரித் தண்ணீரையும் நிறுத்திவிட்டால் ஈடுகட்டிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். "எழுந்திரு, போலாம்" என்றாள்.

அரை மணி நேரம்கூட நடந்திருக்க மாட்டார்கள். "காலு எங்க கீதுன்னே தெரியல மேரி" என்று சொல்லி, ஜெபதாஸ் ரோட்டோரத்தில் மெல்ல, யாரோ தோளைப் பிடித்து அமுக்கியதுபோல உட்கார்ந்தார். பைக்கில் போன ஒருவர் நின்று பார்த்து, திரும்பிப் போய்ப் பந்தலில் சொன்னார். இளநீர் ஏற்றி வந்த குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு பந்தல்காரர் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். பெயர் கொம்பையா என்றார். ஜெபதாஸைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, பின்னால் மீதமிருந்த இளநீர்களை ஒதுக்கிப் படுக்கவைத்தார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டே டாக்டர் கேட்டார், "என்ன சாப்பிட்டார்?"

"எளநி சார். ஒண்ணு."

அவள் பின்னாலிருந்து கொம்பையா சொன்னார், "இல்ல சார். மூணு. நாந்தான் வெட்டிக் குடுத்தேன்."

டாக்டர் யாரையும் திட்டவில்லை. "டயாலிசிஸ் பேஷன்ட்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். ஊசி போட்டார்கள். மெஷினைத் தயார் செய்யச் சொன்னார்கள். லீலா ஓடி வந்தாள். தயாராவதற்குள், மூன்றேகாலுக்கு, முடிந்துவிட்டது.

அற்புதமேரி ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. கொம்பையா கொஞ்சம் தள்ளி நின்றார். போகவும் முடியாமல், பக்கத்தில் வரவும் முடியாமல்.

"போன மாசம் கம்பெனில பிரஸ் மிசின்ல கை போவப் பாத்துது, தப்பிச்சேம்மா. அதுக்கு நேந்துக்கிட்டுத்தான் எளநி குடுத்தேன். எனக்குத் தெரியாதுல்லா" என்றார். "ஒண்ணு குடுத்தேன். இன்னொண்ணு கேட்டாவ. ரெண்டாவது முடிஞ்சதும், 'எம் பொஞ்சாதி வர்றதுக்குள்ள இன்னொண்ணு வெட்டு தம்பி'ன்னாவ. சிரிச்சிக்கிட்டே சொன்னாவ."

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"சிரிச்சாரா?"

"ஆமாம்மா. பல்லெல்லாம் தெரிய."

எந்தச் சிரிப்பு அது? இரண்டு வருடத் தாகம் தீர்ந்த சிரிப்பா, அவளை ஏமாற்றிவிட்ட சிரிப்பா, திங்கள்கிழமையிலிருந்து தப்பித்துவிட்ட சிரிப்பா? லீலா கோடு போட்ட சீட்டை ஜெபதாஸும்தான் படித்திருந்தார். இனி கேட்க ஆளில்லை. கொம்பையா இன்னும் நின்றுகொண்டிருந்தார். "உக்காரு தம்பி" என்றாள். அவர் மேடையின் மறுமுனையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஐந்து மணி சுமாருக்கு எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நின்று நகர்ந்தது. பெனிஷா இறங்கியிருந்தாள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, வா என்றுதான் போனில் சொல்லியிருந்தாள் அற்புதமேரி; மீதியை இனிமேல்தான் சொல்ல வேண்டும். பெனிஷா கம்பெனிக் கோட்டைக் கழற்றக்கூட இல்லை. கழுத்தில் அடையாள அட்டை காற்றில் புரண்டு புரண்டு தோளில் விழுந்தது. ரோட்டைக் கடக்க முடியாதபடி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு லாரி போனதும் ஓரடி எடுத்து வைப்பாள், அடுத்தது வந்ததும் பின்வாங்குவாள். அம்மாவை இன்னும் பார்க்கவில்லை. அற்புதமேரி கையை அசைக்கவில்லை, கூப்பிடவுமில்லை. அடுத்த லாரியைப் பார்த்தாள், அதற்கும் பின்னால் இன்னொன்று வருகிறதா என்று பார்த்தாள்.